சிகாகோ சந்தில் ஒரு ராட்சசன்: கோல்ச்சாக் தொடரின் பதினோராவது எபிசோடு

கேட்டது மூன்று விஷயம். 70-களில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நம் புராணத்து ராட்சசன் வரும் எபிசோடு உண்டு என்கிறார்களே, அது எது? ஐம்பது வருடம் கழிந்தும் அதை ஏன் பேசுகிறார்கள்? கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு பேய்க்கதைக் குறும்படம் எடுக்க நினைப்பவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

தொடரின் பெயர் 'கோல்ச்சாக்: தி நைட் ஸ்டாக்கர்'. எபிசோடின் பெயர் 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்'. ஏபிசி தொலைக்காட்சியில் 1974 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது. எழுதியவர் ஜிம்மி சாங்ஸ்டர், இயக்கியவர் மைக்கேல் டி. கேஃபி. கீழே முடிவு உட்பட முழுக்கதையையும் சொல்லியிருக்கிறேன். பார்க்காமல் இருப்பவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது. சுமார் 51 நிமிடம்தான்.

முதலில் தொடரைப் பற்றி. கார்ல் கோல்ச்சாக் ஒரு செய்தியாளன். சிகாகோவில் ஐஎன்எஸ் என்ற சிறிய செய்தி நிறுவனத்தில் வேலை. கசங்கிய வெளிர்நிறச் சூட், வைக்கோல் தொப்பி, காலில் வெள்ளை ரப்பர் ஷூ, தோளில் கேசட் ரெக்கார்டர், மஞ்சள் நிற முஸ்டாங் கார். டேரன் மெக்கவின் நடித்தார். அவன் கொண்டுவரும் செய்தியை ஒருநாளும் நம்பாமல், ஆனால் அவனை வேலையைவிட்டு அனுப்பவும் மனமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும் ஆசிரியர் டோனி வின்சென்சோவாக சைமன் ஓக்லாண்ட். 1972 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. லாஸ் வேகாஸில் ரத்தக்காட்டேரியைத் துரத்தும் கதை. அமெரிக்காவில் அதுவரை வந்த தொலைக்காட்சிப் படங்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். மறுவருடம் இன்னொரு படம். அந்த இரண்டின் வெற்றியைப் பார்த்து 1974 செப்டம்பரில் வாராந்தரத் தொடராக்கினார்கள். 20 எபிசோடுகளோடு 1975 மார்ச்சில் நின்றுபோனது.

நின்றதற்கான காரணம் தொடரின் அமைப்பிலேயே இருந்தது. வாரத்துக்கு ஒரு பூதம் வேண்டும். ஒரு வாரம் ஓநாய் மனிதன், ஒரு வாரம் ஜோம்பி, ஒரு வாரம் தலையில்லாத மோட்டார் சைக்கிள்காரன். படம் என்றால் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பூதத்தைச் செய்யலாம். வாராந்தரத் தொடரில் சில நாட்களுக்குள் உடை தைத்து, முகமூடி வார்த்து, படம்பிடித்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தாக வேண்டும். ஆள் ரப்பர் தோலுக்குள் நிற்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். கடைசி எபிசோடான 'தி சென்ட்ரி'யில் வரும் பல்லி உருவத்தைப் பாருங்கள். ஒளி கொஞ்சம் கூடிய இடத்திலெல்லாம் உடை உடையாகவே தெரியும். மெக்கவினே இந்த வாரத்துக்கு ஒரு பூதம் என்ற ஏற்பாட்டில் சலித்துப்போய், தன்னை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொண்டார்.

இந்தப் பின்னணியில்தான் 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்' தனியாக நிற்கிறது. அதில் வரும் பூதத்துக்குப் பெரும்பாலான நேரம் உடையே தேவையில்லை. நீங்கள் யாரை நம்புகிறீர்களோ அவருடைய முகத்தோடு வருகிறது. நீங்களாகவே அதன் கைக்குள் போய் நிற்கிறீர்கள். அதன் பிறகு தின்கிறது.

கதை நடப்பது ரூஸ்வெல்ட் ஹைட்ஸ் என்ற கற்பனைப் பேட்டையில். வசதி போய்விட்ட, வயதான யூதர்கள் மிச்சமிருக்கும் பகுதி. பிள்ளைகள் வேறெங்கோ போய்விட்டார்கள். மாலையில் சீட்டாட்டம், பேச்சு, தனியாக வீடு திரும்புதல். ஒவ்வொருவராகச் செத்துக்கிடக்கிறார்கள், எலும்பு தெரிய. போலீஸ் எலிகள்மேல் பழியைப் போட்டு முடித்துக்கொள்கிறது. தானாக இறந்தார்கள், பிறகு எலி கடித்தது என்று கணக்கு. கிழவர்களைப் பற்றி யார் மெனக்கெடப் போகிறார்கள்? எபிசோடின் முதல் பயம் இதுதான். ராட்சசன் இரண்டாவதாகத்தான் வருகிறான்.

அதற்குமேல் பேட்டைச் சுவர்களில் யாரோ ஸ்வஸ்திகா வரைந்து வைத்திருக்கிறார்கள். யூத முதியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஹாரி ஸ்டார்மன் என்ற பெரியவர் (ஃபில் சில்வர்ஸ்) அங்கே வந்திருப்பது நாஜிதான் என்று நம்புகிறார். சந்தேகம் ஒரு வயதான இந்தியர்மேல் விழுகிறது. கடைசியில் தெரியவருவது வேறு. அந்த இந்தியர் ராட்சசனைத் தேடி அழிப்பதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர். சுவரில் வரைந்ததெல்லாம் காவலுக்கு. ஆனால் அவருக்கு முதுமை வந்துவிட்டது, உடம்பில் வலு இல்லை. குறுக்குவில்லையும் (விசை தட்டி எய்யும் 'கிராஸ்போ') மந்திரித்த அம்பையும் கோல்ச்சாக்கிடம் கொடுத்து, யாரையும் நம்பாதே என்று எச்சரித்து அனுப்புகிறார்.

இந்த இடத்தில் நடிகர் தேர்வைக் கவனிக்க வேண்டும். இந்தியராக நடித்த ஆபிரகாம் சோஃபர் ரங்கூனில் பிறந்த யூதர். யூதர்கள் நாஜி என்று தவறாக அஞ்சும் இந்து முதியவர் வேடத்தில் ஒரு யூத நடிகர். அவர் பேசும் நிதானத்தில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கிழக்கத்திய சாமியார்' என்றால் வழக்கமாகக் கேலிப்பொருள். இங்கே அவர் களைத்துப்போன ஒரு தொழிலாளி போல இருக்கிறார். வேலை முடியவில்லை, உடம்பு முடிந்துவிட்டது.

சிகாகோவைப் பொறுத்தவரை ஸ்வஸ்திகா பற்றிய பயம் வெறும் கதைச் சரக்கு அல்ல. எபிசோடு வந்து மூன்று வருடத்தில், 1977-ல், நகரை ஒட்டிய ஸ்கோக்கியில் நாஜிக் குழு ஒன்று ஊர்வலம் போக அனுமதி கேட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. யூத இனப்படுகொலையில் உயிர்தப்பியவர்கள் நிறையப் பேர் குடியிருந்த ஊர் அது. 1974-ல் இந்தக் கதையைப் பார்த்த சிகாகோ முதியவர் ஒருவருக்குச் சுவரில் இருக்கும் அந்தக் குறி வெறும் ஓவியமாகத் தெரிந்திருக்காது.

இப்போது உச்சக்காட்சி. கையில் குறுக்குவில்லோடு இருட்டில் நிற்கிறான் கோல்ச்சாக். எதிரே மிஸ் எமிலி வருகிறார். அலுவலகத்தில் குறுக்கெழுத்தும் வாசகர் ஆலோசனைப் பகுதியும் பார்க்கும் வயதான பெண்மணி. ரூத் மெக்டெவிட் நடித்தது. எல்லோரோடும் சண்டை போடும் கோல்ச்சாக் சண்டை போடாத ஒரே ஆள் அவர். கிட்டே வரவேண்டாம் என்கிறான். அவர் வந்துகொண்டே இருக்கிறார், அன்பாகப் பேசிக்கொண்டே. எய்ய வேண்டும். எய்தபின் அது உண்மையிலேயே மிஸ் எமிலி என்று தெரிந்தால்? அந்த இடைவெளியில்தான் மொத்த எபிசோடும் நிற்கிறது. எய்கிறான்.

இதற்கு ஒரு இரண்டாம் அடுக்கும் உண்டு. பத்து எபிசோடுகளாக இந்த மனிதனுக்கு யார்மேல் பாசம் என்று தொடர் ஒருமுறைகூட வாய்திறந்து சொன்னதில்லை. மனைவி இல்லை, நண்பன் இல்லை. ராட்சசன் வந்து அவன் மனத்தைப் படித்து, அதில் யார் இருக்கிறார் என்று நமக்குக் காட்டிக்கொடுக்கிறான். நாயகனைப் பற்றிய மிக அந்தரங்கமான தகவல் பூதத்தின் வழியாக வருகிறது. அதனால்தான் இந்தத் தொடரின் மற்ற பூதங்கள் மறந்தாலும் இது மறப்பதில்லை.

அந்த ராட்சசன் நம்முடையவன்தானா? பாதிக்குமேல் நம்முடையவன்தான், பலர் நினைப்பதைவிட நெருக்கமாகவே. உருமாறுதல் ராட்சசர்களுக்கு அடிப்படைக் குணம். விரும்பிய வடிவெடுப்பவன் என்ற பொருளில் காமரூபி என்றே அவர்களுக்குப் பெயர். மாரீசன் பொன்மானாகிறான், சாகும்போது ராமன் குரலில் கூவுகிறான். சூர்ப்பணகை அழகியாகிறாள். ராவணன் துறவியாகி வாசலில் நிற்கிறான். ஆனால் இந்த எபிசோடுக்கு இன்னும் பக்கத்தில் நிற்பவன் மகாபாரத வனபர்வத்தில் வரும் ஜடாசுரன். அந்தணனாக வேடமிட்டுப் பாண்டவர்களோடு கூடவே தங்கி, அவர்கள் சோற்றைத் தின்று, நம்பிக்கையைச் சம்பாதித்தபின் திரௌபதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பீமன் கொல்கிறான். எதிரியாக வராமல் கூட இருப்பவனாக வரும் அரக்கன் அவன்.

இன்னும் பின்னால் போகலாம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 162-வது சூக்தம் கருவைக் காக்கும் மந்திரம். அதில் ஒரு வரி, அண்ணனாகவோ கணவனாகவோ காதலனாகவோ உருக்கொண்டு பெண்ணிடம் வந்து கருவை அழிக்க நினைப்பதை விரட்டுகிறது. நம்பிய முகத்தோடு வருவது என்ற கருத்து அவ்வளவு பழையது. தொலைக்காட்சி அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

மந்திரித்த அம்பும் சரிதான். நம் காவியத்தில் அஸ்திரம் என்பதே மந்திரம் ஏற்றிய அம்பு. விசுவாமித்திரர் வேள்வியைக் காக்கும்போது ராமன் மாரீசன்மேல் விடும் மானவாஸ்திரம் அவனைக் கொல்லாமல் நூறு யோசனைக்கு அப்பால் கடலில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. வெறும் இரும்புக்கு அந்த வேலை இல்லை, ஏற்றிய மந்திரத்துக்குத்தான். எபிசோடும் அம்பைவிட அம்பின்மேல் ஏற்றிய சக்தியைத்தான் நம்புகிறது.

பிசகிய இடங்களும் உண்டு. ஸ்வஸ்திகா மங்கலக்குறி. வாசலில், கணக்குப் புத்தகத்தில், பூஜைத் தட்டில் போடுவது. ராட்சசனை எதிர்க்கும் ஆயுதமாக அதற்குப் பெயர் இல்லை. அரக்கரை விரட்ட வேதகாலத்தில் நம்பியது அக்னியை. ரக்ஷோஹன், அதாவது ராட்சசரைக் கொல்பவன் என்பது அக்னிக்கு ஒரு பெயர். வடமொழி மருத்துவ நூல்களில் ரக்ஷோக்னம் என்று வெண்கடுகைச் சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் இன்றும் சாம்பிராணியோடு வெண்கடுகைப் போட்டுப் புகைபோடுவது அந்த வழியில் வந்ததுதான். கதாசிரியருக்கு நாஜிக் குழப்பம் வேண்டியிருந்தது, அதனால் ஸ்வஸ்திகாவைக் காவல்குறியாக்கினார். கதைக்காகச் செய்த அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு அவர் வாங்கிய பலன் பெரிது.

ஏற்க முடியாதது வேறொன்று. ராட்சசர் என்றாலே ஒரே சாதித் தீமை என்று எபிசோடு பேசுகிறது. விபீஷணனும் கடோத்கசனும் அந்தக் குலத்தவர்கள்தான். கடோத்கசன் பாண்டவர் பக்கம் நின்று உயிரைக் கொடுத்தவன். 51 நிமிடத்தில் இதற்கெல்லாம் இடமில்லைதான், ஆனால் ஒரு வரி போதும். அந்த முதியவர் வாயில் அந்த ஒரு வரியைக் கொடுத்திருந்தால் பாத்திரம் இன்னும் கனத்திருக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். எபிசோடு வந்து ஒரு வருடத்தில், 1975 டிசம்பரில், 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' என்ற விளையாட்டு இதழில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடுவது) விளையாட்டுக்கான ராட்சசன் அறிமுகமானான். மனத்தைப் படிப்பான், எதிரில் இருப்பவருக்கு இனிய உருவமாகத் தெரிவான், மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். விளையாட்டின் மூலவரான கேரி கைகாக்ஸ், இந்த எபிசோடைப் பார்த்துத்தான் அதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் அவனுக்குப் புலித்தலையும் புகைக்குழாயும் வரைந்தார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் கணினி விளையாட்டுகளில் ராட்சசன் என்றால் புலித்தலை என்றே ஆகிவிட்டது. குறுக்குவில் அம்புக்கு மட்டும் அஞ்சும் ராட்சசனை எந்தப் புராணத்திலும் தேட வேண்டாம். அவன் பிறந்தது சிகாகோவைக் காட்டிய ஒரு தொலைக்காட்சி எபிசோடில்.

இனி எழுதுபவருக்கும் எடுப்பவருக்கும்.

கோல்ச்சாக்கின் எபிசோடுகளுக்கு ஒரு சட்டகம் உண்டு. கோல்ச்சாக்கின் குரல் தேதி, நேரம், இடம், இறந்தவர் வயது, தொழில் என்று செய்தித்தாள் பாணியில் தொடங்கும். முதல் சாவு. போலீஸ் அதிகாரியோடு வாக்குவாதம். அலுவலகத்தில் வின்சென்சோவோடு வாக்குவாதம். இரண்டாவது சாவு. விஷயம் தெரிந்த ஒருவரிடம் போய்ப் பூதத்தின் பெயரும் அதைக் கொல்லும் வழியும் அறிதல். ஆயுதத்தைத் தயார்செய்தல். தனியாகப் போய் மோதல். ஆதாரம் அழிந்துபோதல். கடைசியில் ரெக்கார்டரில் பேசி முடித்தல். விளம்பர இடைவேளைகள் இந்தப் படிகளுக்கு நடுவே விழும்படி எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் பதில் தெரியாத ஒரு படம் நிற்கும்.

இந்தச் சட்டகத்தில் பெரும்பாலும் பழுதாவது 'விஷயம் தெரிந்தவர்' காட்சி. இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள், கதை அங்கே உட்கார்ந்துவிடும். இந்த எபிசோடிலும் அந்தப் பளு இருக்கிறது. ஆனால் முக்கியமான விதியை, அதாவது நம்பிய முகத்தோடு வரும் என்பதை, நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டோம். முதியவர்களுக்குத் தங்கள் ரபி, அதாவது யூத மதகுரு, தெரிந்தார், ஓடிப் போனார்கள், செத்தார்கள். பிறகு விளக்கம் வரும்போது 'ஓ, அதுதானா' என்று தோன்றுகிறது. விளக்கம் முன்னால் வந்து நிகழ்ச்சி பின்னால் வந்திருந்தால் வெறும் பாடமாகியிருக்கும். குறும்படத்துக்கும் இதே வரிசைதான்: ஒரு சாவு விளக்கத்துக்கு முன்னால், ஒரு ஆபத்து விளக்கத்துக்குப் பின்னால்.

15 நிமிடப் படம் என்று வைத்துக்கொண்டால், முதல் சாவுக்கு இரண்டு நிமிடம் போதும். நாயகனுக்கும் அவன் நம்பும் அந்த ஒருவருக்கும் இடையிலான உறவுக்கு நான்கு நிமிடமாவது கொடுங்கள். இதுதான் பலரும் தப்பு செய்யும் இடம். தொடருக்குப் பத்து வாரம் இருந்தது, மிஸ் எமிலியை நாம் ஏற்கெனவே அறிவோம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் குறைந்தது இரண்டு காட்சி வேண்டும். ஒன்றில் அவர் நாயகனுக்குச் சின்ன உதவி ஒன்று செய்யட்டும், கேட்காமலேயே. மற்றொன்றில் அவருக்கே உரிய ஒரு பழக்கம் பதியட்டும். கண்ணாடியை முந்தானையில் துடைப்பது, பெயரை ஒரு தினுசாக இழுத்துக் கூப்பிடுவது, எது வேண்டுமானாலும். உச்சக்காட்சியில் பூதம் அந்தப் பழக்கத்தோடு வர வேண்டும். அப்போதுதான் பார்ப்பவருக்கும் கை நடுங்கும். அத்தை, சித்தப்பா, வாத்தியார் என்று உறவைப் பெயரால் மட்டும் சொல்லிவிட்டு நேரே உச்சத்துக்குப் போனால், எய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. எய்துவிடு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

அடுத்தது கேமரா ஒழுங்கு. ஏமாறுபவர் கண்வழியாகப் பார்க்கும் காட்சியில் மட்டுமே அந்த நம்பிய முகம் தெரிய வேண்டும். மூன்றாம் ஆள் பார்வையில் தெரிவது நிழலோ, முதுகோ, மயிரடர்ந்த கையோ. இரண்டையும் ஒரே ஷாட்டில் கலந்தால் விதி உடைந்துவிடும். ஏமாறுபவரின் முகம், பிறகு அவர் பார்ப்பது, பிறகு அவர் முகத்தில் நிம்மதி. அந்த நிம்மதிதான் முக்கியமான ஷாட், பயத்தைவிட முக்கியம். அதை இரண்டு விநாடியில் வெட்டாதீர்கள், நாலைந்து விநாடி விடுங்கள்.

பூதத்தின் அசல் உருவைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் பின்னாலிருந்து ஒளி கொடுங்கள். உருவத்தின் விளிம்பு மட்டும் தெரியட்டும். ஒரு ஷாட் இரண்டு விநாடிக்குமேல் வேண்டாம், முழு உடம்பையும் சமமான ஒளியில் ஒருமுறையும் காட்ட வேண்டாம். மயிர், துணி, கோணிச்சாக்கு எதுவாக இருந்தாலும் நேர் ஒளியில் நூலும் தையலும் தெரியும். நனைந்திருந்தால் கொஞ்சம் மறையும். இந்த எபிசோடிலேயே ராட்சசனின் மயிரடர்ந்த அசல் உருவம் தெரியும் கணங்கள்தான் பலவீனமானவை. மிஸ் எமிலி நடந்துவரும் கணங்களுக்கு ஒப்பனைச் செலவு எதுவும் இல்லை, மூச்சை நிறுத்துபவையும் அவைதான்.

ஆயுதம் ஒருமுறைதான் வேலை செய்ய வேண்டும். குறுக்குவில் ஏன் சரி என்றால், எய்துவிட்டால் மறுபடி நாணை இழுத்து மாட்டி அம்பை வைக்க நேரம் பிடிக்கும். தப்பினால் அடுத்த வாய்ப்பு இல்லை. கைத்துப்பாக்கி கொடுத்திருந்தால் ஆறு தோட்டா, முதல் தோட்டாவை எச்சரிக்கையாகத் தரையில் சுடலாம், காலில் சுட்டுப் பார்க்கலாம். முடிவெடுக்கும் கனம் குறைந்துவிடும். உங்கள் கதையில் வேல், அரிவாள், எரியும் கற்பூரத் தட்டு எதுவாக இருந்தாலும் சரி, ஒரு தடவைக்குமேல் பயன்படாதபடி காரணம் வையுங்கள்.

கூர்மையான பார்வையாளர் கேட்கும் கேள்விகள் இரண்டு. முதலாவது: "அவருக்கு மட்டுமே தெரிந்த எதையாவது கேட்டுப் பார்க்கலாமே?" பூதம் மனத்தைப் படிக்கும் என்று விதி இருந்தால் அந்தச் சோதனை பலிக்காது. ஏனென்றால் பதில் கேட்பவன் மனத்திலேயே இருக்கிறது. இதை ஒரு வரியில் முன்பே சொல்லி அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உச்சக்காட்சி முழுக்கப் பார்வையாளர் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். அடைக்காமல் திருப்பவும் செய்யலாம். கேட்பவனுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியை அவன் கேட்டால் பூதம் திணறும். அது தனிக்கதைக்கு நல்ல முடிச்சு.

இரண்டாவது: "இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் யார் முகம் தெரியும்?" ஒவ்வொருவருக்கும் அவரவர் நம்பும் முகம் என்று விதி வைத்தால், இருவரும் பேசிக்கொண்ட உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். "அப்பா வருகிறார்." "இல்லையே, அது என் டீச்சர்." ஆகவே பாதிக்கப்படுபவர்கள் தனியாக இருக்க வேண்டும், அல்லது இருவரும் ஒரே ஆளை நம்புபவர்களாக இருக்க வேண்டும். ரபி என்ற தேர்வு இதனால்தான் சரியாக உட்காருகிறது. பேட்டையே நம்பும் ஒரு முகம் அது. தனிமையில் வாழும் முதியவர்களைக் கதைமாந்தராக்கியதும் இந்தச் சிக்கலைத் தானாகவே தீர்த்துவிடுகிறது. ராட்சசனுக்குத் தேவையான தனிமையை அந்தப் பேட்டைக்குக் கொடுத்தது நகரம். பிள்ளைகளும் போலீஸும் கைவிட்டவர்கள் யாரையாவது நம்பத்தானே செய்வார்கள்? சாங்ஸ்டர் இங்கிலாந்தின் ஹேமர் படநிறுவனத்துக்கு 1957-ல் ஃபிராங்கன்ஸ்டைன் கதையையும் 1958-ல் டிராகுலா கதையையும் திரைக்கதையாக்கியவர். பணம் குறைவான படங்களில் பூதத்தை எதற்குள் ஒளித்துவைப்பது என்று நன்றாகத் தெரிந்த கை. அந்த அனுபவம் இந்த 51 நிமிடத்தில் தெரிகிறது.

பார்ப்பதற்கு: தொடரை 2005-ல் டிவிடியாகவும், 2021-ல் கீனோ லார்பர் நிறுவனம் ப்ளூ-ரேயாகவும் வெளியிட்டன. இரவுக் காட்சிகள் நிறைய இருப்பதால் ப்ளூ-ரேயே நல்லது. பழைய பதிவுகளில் சந்தின் இருட்டு கரிய சேறு போல ஆகியிருக்கும். படம் 4:3 விகிதம். டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கினால் அமைப்பில் போய் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் முகங்கள் சப்பையாகத் தெரியும். தொடரின் எபிசோடுகளை இரண்டிரண்டாக ஒட்டி 'கிராக்கிள் ஆஃப் டெத்', 'தி டீமன் அண்ட் தி மம்மி' என்று படங்களாக்கி விற்றார்கள். அவற்றில் இந்த எபிசோடு இல்லை, தேடி ஏமாற வேண்டாம்.

இதை எழுதக் கற்பதற்காகப் பார்ப்பதென்றால் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் முன்பு, 1974 டிசம்பர் 6-ல் வந்த 'தி ஸ்பானிஷ் மாஸ் மர்டர்ஸ்' எபிசோடையும் சேர்த்துப் பாருங்கள். அதில் பூதம் ஏழடிக்குமேல் உயரமான ரிச்சர்ட் கீல், உடம்பெல்லாம் பாசி. மறைக்கவே இல்லை, ஆளின் உயரத்தையும் பாசியின் ஈரத்தையும் நம்பி நேராகவே காட்டுகிறார்கள், அதுவும் பலிக்கிறது. தூக்க ஆய்வுக்கூடத்தில் உறங்கும் ஒருவன் கனவிலிருந்து அது எழுந்து வருகிறது என்பதால், அதன் உருவம் கனவு போல மிகையாக இருப்பதுதான் பொருத்தம். ஒரே தொடர், ஒரே மாதம், நேர் எதிரான இரண்டு வழிகள். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு, பூதம் திரையில் எத்தனை விநாடி இருக்கிறது என்று மட்டும் இரண்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.